ஆம்பிளிஃபையர் பற்றியும் தஞ்சோங் கிளிங்கில் நான் கத்தியது பற்றியும்

அன்புள்ள மகனுக்கு,

இது நீளமான கடிதம். பாதியில் மூடி வைத்துவிடுவாயோ என்ற பயத்தில், என்னென்ன எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். எது வேண்டுமோ அதை மட்டும் படித்துக்கொள்.

1. நிச்சயதார்த்தத்தன்று தஞ்சோங் கிளிங்கில், பெண் வீட்டு வாசலில் நடந்தது.
2. ஆம்பிளிஃபையர் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வாட் கணக்கை ஏன் நம்பக்கூடாது.
3. உன் மோட்டார் சைக்கிளால் எவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியும்.
4. ஃபியூஸ், வயர், மழை.
5. கடையில் இருப்பதிலேயே சின்ன ஆம்பிளிஃபையரைத்தான் நீ வாங்க வேண்டும்.
6. அன்று சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பது.

ஆறாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்கிறாள் உன் அம்மா. "அதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க என்னடான்னா ஃபியூஸு வயருன்னு எழுதிக்கிட்டு இருக்கீங்க." அவள் சொல்வது சரிதான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால்தான் எனக்கு எழுத வரும். சுங்கை ஊடாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை அனுமதிச் சீட்டு எழுதியே காலத்தை ஓட்டியவன் நான். ஒருவர் ஏணியில் ஏறுவதற்கு முன்பு, ஒரு குழாயைத் திறப்பதற்கு முன்பு, என்னென்ன கெடுதல் நேரலாம் என்று யோசித்து, சீட்டில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் எழுதிக்கொடுப்பது என் வேலை. அந்தக் கட்டம் நிரம்பாமல் கீழே கையெழுத்துப் போட எனக்குக் கை வராது. வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் கட்டம் என்னை விடவில்லை. நீ மோட்டார் சைக்கிளை வாசலுக்குத் தள்ளும்போதெல்லாம் அது என் தலைக்குள் திறந்துகொள்கிறது. ஈரச் சாலை, நாய், செம்பனை லோரியிலிருந்து விழுந்த குலை, தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டி வருபவர் என்று நான் நிரப்பிக்கொண்டே இருக்கிறேன்.

இதன் ஒரு பிரதியை ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். நான் சொன்னது பலர் காதில் விழுந்தது. திருப்பி எடுப்பதும் பலர் கண்ணில் படட்டும். உன் பெயரை எழுதவில்லை. நம் ஊர் புலாவ் செபாங்கில் நம்மைத் தெரிந்தவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. உனக்குப் பேசியிருக்கும் பெண்ணிடம் மட்டும் அனுமதி கேட்டேன். "தர்ஷினின்னு போடுங்க மாமா. என் பேரு இதுவரைக்கும் பேப்பர்ல வந்ததே இல்ல" என்றாள்.

முதலாவது விஷயத்துக்கு வருகிறேன். நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ அதைப் பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பார்த்தாய், நான் வாசலில் நின்று பார்த்தேன். பெண் வீட்டில் தட்டு மாற்ற நல்ல நேரம் வரட்டும் என்று பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினியின் சித்தப்பா பிள்ளைகள் உன்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். ஜொகூரில் வேலைக்குச் சேர்ந்து, பழைய வண்டிதான் என்றாலும் ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளை அவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"பாட்டு போடுங்க மச்சான், கேப்போம்."

"இதெல்லாம் சும்மாடா. எண்பதுல போனா காத்து எல்லாத்தையும் தின்னுடும். கல்யாணத்துக்கு முன்னால ஆம்ப் மாத்துறேன் பாரு. குவாந்தான் போய்ச் சேர்ற வரைக்கும் பின்னால உக்காந்திருக்கிறவளுக்கும் பாட்டு கேக்கணும்."

"நீங்க போடுற சத்தத்துக்கு, நீங்க இங்க கெளம்பும்போதே குவாந்தான்ல கேக்கும் மச்சான்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். நீ பாட்டை முழுதாகத் திறந்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே காலால் உந்தி உந்திச் சந்துக்குள் பின்பக்கமாக இறக்கினாய். அப்போது மீன் கடைகளுக்குப் பனிக்கட்டி ஏற்றிப் போகும் லோரி ஒன்று சந்துக்குள் வந்தது. ஹார்ன் அடித்தது. நீ திரும்பவில்லை. மறுபடியும் அடித்தது. நீ பையன்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தாய். நான் கத்தினேன்.

"சாவப் போறியாடா? அவளையும் கூட்டிக்கிட்டுப் போய் சாவடிக்கப் போறியா?"

என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. உள்ளே அந்த நேரத்தில்தான் உன் அம்மா தட்டை நீட்டியிருக்கிறாள், சம்பந்தியம்மா கையில் வாங்கியிருக்கிறார். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். லோரிக்காரர் எப்போதோ வண்டியை நிறுத்தியிருந்தார், உனக்கும் அவருக்கும் நடுவில் இன்னொரு லோரி நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, "நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்லா அங்கிள். எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டார். தர்ஷினியின் தாய்மாமன் வாசலுக்கு வந்தார். "நல்ல காரியம் நடக்குற வீட்டு வாசல்ல பேசுற பேச்சா சம்பந்தி இது?" என்றார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், சூடத்தை மறுபடியும் ஏற்றினார்கள், தட்டு மாற்றினார்கள், சாப்பாடு போட்டார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. கிளம்பும்போது சம்பந்தியம்மா உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணத்துல ஒரு கொறையும் வராதுங்க. ஆனா அந்த மோட்டர்ல என் பொண்ணு ஏற மாட்டா. சொன்ன வாயே, சொன்ன எடத்துல, கேட்டவங்க முன்னால அந்த வார்த்தைய திருப்பி எடுக்கணும். அதுவரைக்கும் ஏற மாட்டா."

நம் ஆட்களில் இப்படிக் கேட்பது புதிதல்ல. மங்கல காரியத்தில் தவறான சொல் விழுந்துவிட்டால், அது கீழே கொட்டிய எண்ணெய் மாதிரி, கொட்டியவர்தான் துடைக்க வேண்டும். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் மேல்தான். ஏனென்றால் அன்று காரில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. நீங்கள் இருவரும் கல்யாணம் முடிந்து கிழக்குக் கரைக்கு, குவாந்தான்வரை, மோட்டார் சைக்கிளில் போகப்போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. போகாதே என்று உன்னிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இப்போது நான் எதுவும் சொல்லாமலே பயணம் நின்றுபோயிற்று. உன் அம்மா பின் இருக்கையில் அழுதுகொண்டு வந்தாள், நான் உள்ளுக்குள் ஆறுதலாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. நீ அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் அனுப்பும் செய்திக்கெல்லாம் "சரிப்பா" என்று ஒரே பதில். குவாந்தான் விடுதியை ரத்து செய்துவிட்டாய் என்று அம்மா மூலம்தான் தெரிந்துகொண்டேன். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் நீ போன் செய்து, "அப்பா, எந்த ஆம்ப் நல்லதுன்னு கொஞ்சம் படிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன். நீங்கதான் எல்லாத்தையும் பொறுமையா படிப்பீங்க" என்று கேட்டிருந்தாய். நீ பெரியவனானதிலிருந்து என்னிடம் யோசனை என்று கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் அந்த வாரம் முழுவதும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள், கேட்காததைக் கத்திவிட்டேன்.

ஆகவே இப்போது அந்தப் பதில். இதில் எனக்கும் ஒரு காரியம் இருக்கிறது. சொல்லைத் திருப்பி எடுக்கச் சொல்கிறார்கள். வெறும் வாயால் எடுத்துவிடலாம், ஆனால் நிரம்பாத சீட்டில் கையெழுத்துப் போடுவது போல அது எனக்கு. உன் பின்னால் வரும் லோரி உனக்குக் கேட்கும் என்று முதலில் எனக்கு உறுதியாக வேண்டும். அது இல்லாமல் நான் போய் நின்று நல்ல வார்த்தை சொன்னால், அது பொய்.

இரண்டாவது, வாட் கணக்கு. உனக்குப் பத்து வயது இருக்கும்போது பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு ரேடியோவைக் கேட்டு அழுதாய், நினைவிருக்கிறதா? பெட்டியின் மேல் தீப்பிழம்பு படம், அதற்கு நடுவில் பெரிய எண். வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் கொசுவைவிடச் சற்றுப் பெரிதாகப் பாடியது. நீ அந்தக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "பொய் சொல்லிட்டாங்களாப்பா?" என்று கேட்டாய். கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்க எனக்குப் பயம். "நாமதான் சரியா வெக்கலையோ என்னவோ" என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய எழுத்தில் போடுவது, அந்தக் கருவி கண் இமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து எவ்வளவு தரும் என்பது 'ஆர்எம்எஸ்' என்ற பெயரில் பொடி எழுத்தில், பெரும்பாலும் பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண்ணே இல்லாத பெட்டியைக் கையில்கூட எடுக்காதே. ஸ்பீக்கரின் பின்னால் அதன் மின்தடை எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும், அதையும் குறித்துக்கொண்டு போ. ஆம்பிளிஃபையர் தாங்கும் அளவுக்குக் கீழே ஸ்பீக்கரின் ஓம் போனால் கருவி சூடாகி நின்றுவிடும், அல்லது நிற்காமல் எரியும். எனக்கு இரண்டாவதுதான் நினைவில் நிற்கிறது.

மூன்றாவது, மின்சாரம். காரில் செய்வதையெல்லாம் மோட்டார் சைக்கிளில் செய்ய முடியாது. என்ஜின் ஓடும்போது அது உண்டாக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை விளக்கும், பெட்ரோல் பம்பும், தீப்பொறி கொடுக்கும் பாகங்களும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம்தான் பாட்டுக்கு. எவ்வளவு மிச்சம் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்துக் கழித்துக்கொள். அதற்கு மேல் கேட்டால் அது பேட்டரியிலிருந்து எடுக்கும், உனக்கு ஒன்றும் தெரியாது, பாட்டு நன்றாகத்தான் பாடும். பகாவ் ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை மட்டுமே இருக்கும் இடத்தில், படம் எடுக்க நிறுத்துவீர்கள். திரும்ப ஸ்டார்ட் ஆகாது. மழை பிடிக்கும். தர்ஷினியின் கல்யாண மருதாணிகூட அழிந்திருக்காது. இதை நான் பல தடவை மனதில் பார்த்துவிட்டேன், மரங்களைக்கூட அடையாளம் சொல்வேன். 'கிளாஸ் டி' என்று எழுதியிருக்கும் வகை மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்குவது குறைவு, மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் ஏற்றது. பொருத்திய பிறகு விளக்கையும் பாட்டையும் போட்டுவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார். முள் இறங்கிக்கொண்டே போனால், அந்த ஆம்பிளிஃபையர் உன் வண்டிக்கு அதிகம்.

நான்காவது, ஃபியூஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். ஆம்பிளிஃபையர் பக்கத்தில் வைத்தால், நடுவில் உள்ள வயர் எங்காவது தேய்ந்து இரும்பில் பட்டால் அதைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. நீ உட்கார்ந்திருப்பது பெட்ரோல் தொட்டிக்குப் பின்னால். சாவியை அணைத்தால் ஆம்பிளிஃபையரும் அணைய வேண்டும், அதற்கு ரிலே வைக்கச் சொல். வயர் திரும்பும் இடத்தில் ரப்பர் உறை. மழைத் தண்ணீர் வயர் வழியாக வழிந்து கருவிக்குள் போகாமல், வயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றச் சொல். மழை விஷயத்தில் நான் அளவு மீறிப் போவேன் என்பது உனக்குத் தெரியும். நம் தாமான் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் தீபாவளிக்கு வண்ண விளக்கு எரியும்போது, தூறல் விழுந்ததும் நான் ஓடிப்போய் நம் வீட்டு விளக்கை மட்டும் பிடுங்கிவிடுவேன். "நம்ம வீட்டுக்கு மட்டும் தீபாவளி முடிஞ்சிருச்சாப்பா?" என்று நீ கேட்பாய். இப்போதும் பிடுங்குகிறேன்.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமானது. வாங்குவதில் சின்னதாகப் பார்த்து வாங்கு. யோசித்துத்தான் சொல்கிறேன். பெரியதை வாங்கிச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்கிறேன் என்று நீ சொல்வாய். இன்றைக்குக் குறைத்து வைப்பாய், நாளைக்குப் பிடித்த பாட்டு வரும், கை தானாகப் போகும். கட்டுப்பாட்டை மனிதரின் கையில் விடக்கூடாது, கருவியிலேயே எல்லை இருக்க வேண்டும் என்றுதான் நான் ஆலையில் கற்றுக்கொண்டேன். சின்ன ஆம்பிளிஃபையரால் நினைத்தாலும் ஓர் அளவுக்கு மேல் கத்த முடியாது. அதனால் பின்னால் வரும் ஹார்ன் உனக்குக் கேட்டே தீரும். உன்னை நம்பாமல் இல்லை. இந்த வாக்கியத்தை நான் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கோயில் திருவிழாவுக்குக் கிளம்பும்போதெல்லாம் உன் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் வீட்டு டெலிபோன் நம்பரை எழுதிவிடுவேன். உனக்கு மீசை அரும்பிய பிறகும் எழுதினேன். "எனக்கு மனப்பாடமா தெரியும்ப்பா" என்பாய். "உன்ன நம்பாம இல்ல, எதுக்கும் இருக்கட்டும்" என்பேன். நீ முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போவாய்.

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் நானே மலாக்காவுக்குப் போய் ஒன்றை வாங்கியும் விட்டேன். கல்யாணப் பரிசாகக் கொடுக்கலாம் என்று எண்ணம். கடைப்பையன் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெரியதையெல்லாம் காட்டினான். "இருக்கிறதிலேயே சின்னது வேணும்" என்றேன். "சின்னதா? பாத்ரூம்ல பாடுறதுக்கா அங்கிள்?" என்று கேட்டான். மோட்டார் சைக்கிளுக்கு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்லோவா ஓட்டுங்க அங்கிள்" என்றான்.

இதுவரை எழுதி முடித்துக் கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன். ஆறாவதை எழுத உட்கார்ந்தால் வரவில்லை. சின்ன ஆம்பிளிஃபையர் அலமாரியில் இருக்கிறது, என் கட்டம் நிரம்பிவிட்டது, ஆனாலும் பேனா நகரவில்லை. சனிக்கிழமை காலை தர்ஷினி நம் பக்கத்து உறவினர்களுக்கான கல்யாணப் பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், அவள் மேல் கோபப்படாதே. அலமாரியைத் திறந்து காட்டினேன்.

"இதுவா மாமா? என் ஹேர் டிரையர்கூட இதவிடப் பெருசு."

"சத்தம் கொறைவா இருக்கணும்மா. பின்னால வர்ற ஹார்ன் கேக்கணும்."

"கேக்குதான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

நான் பண்ணவில்லை. அத்தனை படித்தேன், அதைச் செய்யவில்லை. எதையும் சோதிக்காமல் அனுமதி கொடுக்காதவன், எனக்கே எப்படி விட்டுப்போயிற்று என்று தெரியவில்லை. உடனே செய்வதென்று முடிவெடுத்தோம். நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போன பழைய ஸ்பீக்கர்களைக் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டினேன். காரின் பேட்டரியைத் தொட வேண்டாம், ஹார்ன் அடிக்கக் கார் வேண்டும் என்று, பக்கத்து வீட்டு மணியத்திடம் அவருடைய பழைய வேன் பேட்டரியை இரவல் கேட்டேன். அவர் அதோடு வேனிலிருந்து கழற்றி வைத்திருந்த பெரிய ஆம்பிளிஃபையரையும் தூக்கிக்கொண்டு வந்தார். "இதையும் போட்டுப் பாருங்கண்ணே, சும்மாதான் கெடக்கு" என்றார். ஓடும் வண்டியில் அடிக்கும் காற்றுக்குப் பதிலாக, நின்றபடி சுழலும் மின்காற்றாடியை முழு வேகத்தில் முகத்துக்கு நேராக வைத்தோம். நான் உன் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். தர்ஷினி காரை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் சந்தின் கோடிக்குப் போனாள். அவளுக்குத் தோன்றியபோது ஹார்ன் அடிக்க வேண்டும், எப்போது என்று எனக்குச் சொல்லக்கூடாது, கேட்டால் நான் கையைத் தூக்குவேன். சத்தம் கூட்டும் குமிழைத் திருகுவது உன் அம்மா.

முதலில் நான் வாங்கி வந்தது. காற்றாடி இரைச்சலில் பாட்டின் வார்த்தை பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினேன். அம்மா திருகினாள். இன்னும் கொஞ்சம். முழுவதும் திருகிவிட்டாள். சத்தம் வந்தது, ஆனால் பாட்டு கிழிந்துபோய் வந்தது. பாடகர் வாயில் தகரத்தை வைத்துக்கொண்டு பாடுவது போல, கரகரவென்று காது முழுக்க ஒரே இரைச்சல். வார்த்தை அப்போதும் புரியவில்லை. நான் கவனமாக உட்கார்ந்து ஹார்னுக்காகக் காத்திருந்தேன். தர்ஷினி இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால், அதற்குள் தன் வீட்டுக்குப் போயிருந்த மணியம் நிற்கிறார், எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்திருக்கிறார், தாமானில் பாதிப்பேர் வாசலில்.

"என்னாண்ணே, ரயிலு பாதை மாறி நம்ம ரோட்டுக்கு வந்துருச்சோன்னு ஓடி வர்றேன்" என்றார் மணியம். "அந்தப் புள்ள கை வலிக்க அடிச்சிக்கிட்டு இருக்கு. நீங்க சாமி மாதிரி உக்காந்திருக்கீங்க."

இதைத்தான் நான் உனக்குப் பரிசாகக் கொடுக்கப் போனேன்.

பிறகு மணியத்தின் பெரியதை மாட்டினோம். ஓம் சரியாக இருக்கிறதா என்று மூன்று பேரும் ஆளுக்கொரு முறை பார்த்த பிறகுதான் விட்டேன். அம்மா குமிழைச் சற்றுத்தான் திருகினாள். பாட்டு வந்தது. சத்தமாக இல்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, காற்றாடி இரைச்சலுக்கு ஊடாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல. இன்னும் கூட்டு என்று சைகை காட்டக் கையே போகவில்லை, தேவைப்படவில்லை. ஹார்ன் கேட்டது. கையைத் தூக்கினேன். மறுபடியும் கேட்டது, தூக்கினேன். சந்து முனையில் திரும்பிய யாருடைய மோட்டார் சைக்கிளோ கேட்டது, அதற்கும் தூக்கிவிட்டேன். பிறகு எனக்குப் பின்னால், சாதாரணக் குரலில், உன் அம்மா மணியத்திடம், "இவரு சாப்புட வர மாட்டாரு, நீங்களாவது ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க தம்பி" என்று சொன்னது கேட்டது. அதற்குக் கையைத் தூக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண் கலங்கியிருந்தது.

ஒரு தடவை பார்த்ததை நான் நம்பமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். என் காது வயதான காது என்று சந்தேகம் வந்து, உன் அம்மாவுக்கு ஹெல்மெட் மாட்டினேன். "கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு, என் தலைய வேற பிடிச்சிக்கிட்டாரு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மணியமும் உட்கார்ந்து பார்த்தார். யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். சின்னது, முடியாததை முயன்று கிழிந்து, வேறு எதையும் கேட்கவிடாமல் செய்தது. பெரியது, முயற்சியே இல்லாமல் மெதுவாகப் பாடி, உலகத்துக்கு இடம் விட்டது.

எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டி வைத்த பிறகு தர்ஷினி படியில் உட்கார்ந்து மோர் குடித்தாள். அவளாகத்தான் பேச்சை எடுத்தாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அன்னைக்கு நீங்க கத்துனீங்கல்ல, அவருக்கு ஒண்ணுமே புரியலயாம். எதுக்கு இப்படி எல்லார் முன்னாலயும் திட்டுறாருன்னு உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னாராம். பின்னால திரும்பவே இல்ல. நீங்க சாவுன்னு சொன்னீங்க, சாவடிக்கிறன்னு சொன்னீங்க. லோரின்னு சொல்லவே இல்ல மாமா. லோரி வருதுன்னு மட்டும் சொல்லியிருந்தா, திரும்பிப் பாத்திருப்பாரு."

அவள் குற்றம் சொல்லவில்லை. மோர்த் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பத்திரிகைகளை அடுக்க உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். லோரி உண்மையிலேயே நிற்காமல் வந்திருந்தால், என் குரல் உன்னைக் காப்பாற்றியிருக்காது. நீ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பாய். என் பயத்தைத்தான் எப்போதும் உனக்குக் காவலாக வைத்திருந்தேன் என்று நினைத்தேன். அது லோரியின் ஹார்னையே மூடிவிட்டது.

ஆகவே ஆறாவது. வருகிற வெள்ளிக்கிழமை மாலை நானும் அம்மாவும் தஞ்சோங் கிளிங் போகிறோம். சம்பந்தியம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்தப் பையன்களையும் வரச்சொல்லியிருக்கிறேன். நீ ஜொகூரிலிருந்து வர வேண்டும், மோட்டார் சைக்கிளிலேயே வா. பார்க்காமல் பேச எனக்கு வராது, எழுதி வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன், குரல் நடுங்கும், சிரித்துவிடாதே. வாசிக்கப்போவது இதுதான்: இந்த வாசலில் நின்று என் மகனைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அது அவர்களுடையது இல்லை, என்னுடைய பயம். அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன். அவர்கள் இந்த வண்டியில் நன்றாகப் போய், நன்றாகத் திரும்பி வருவார்கள். என் பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியும்.

பயம் போய்விட்டது என்று வாசிக்கமாட்டேன். போகவில்லை. நீங்கள் குவாந்தானுக்குக் கிளம்பும் நாளில், திரும்பி வரும்வரை நான் டெலிபோன் பக்கத்திலேயே இருப்பேன், அதை மாற்ற எனக்கு இனி வயது இல்லை. விடுதியை மறுபடியும் பதிவு செய். வழியில் எங்கே நிறுத்தினாலும் ஒரு செய்தி போடு என்று கேட்கலாமா என்று யோசித்தேன். தர்ஷினி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள், அதனால் உன்னிடம் கேட்கவில்லை. சின்ன ஆம்பிளிஃபையரை அம்மா சமையல்கட்டு ரேடியோவுக்கு எடுத்துக்கொண்டாள்.

இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சரியாக எழுதியிருக்கலாம். அப்படியே அனுப்புகிறேன். இரண்டும் மூன்றும் நான்கும் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், எதற்கும் நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள். ஐந்தாவதாக நான் எழுதியது தவறு, ஐயா. உன் வண்டி தாங்கும் அளவுக்குள் நல்லதாக, பெரியதாக ஒன்றை வாங்கி, சத்தத்தைக் குறைத்து வை. உன் கை குறைத்தே வைக்கும். இனி லோரி வந்தால், லோரி வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா